கரியாற்றுக் கொப்பரையை மீட்ட வின்ச்

கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். செங்கோட மேஸ்திரி வேட்டியை மடித்துக்கொண்டு உட்காரப் போன நேரத்தில் பின்னாலிருந்து காளியப்பனின் குரல் கேட்டது.

"சமையக்காரரே, பாத்திரத்த எல்லாம் ஒருக்கா எண்ணி வச்சுக்குங்க. கொப்பரை வீட்டுக்காரர் வந்துட்டாரு."

பந்தி முழுக்கச் சிரித்தது. செங்கோடன் சிரிக்கவில்லை, திரும்பவும் இல்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. கிணற்றுக்குள் இறங்கும்போதும் நேராக நின்றபடிதான் இறங்குவார் என்று ஆத்தூர்ப் பக்கம் சொல்வார்கள்.

அந்தக் கேலிக்கு வயது அவருடைய கல்யாணத்தின் வயது. அவர் தகப்பனார் கருப்பண்ண மேஸ்திரி, கல்வராயன் மலைமேல் வேங்கைப்பாடியில் கோயில் கிணறு வெட்டிக் கொடுத்தவர். அந்த உரிமையில் மகன் கல்யாணத்துக்கு வேங்கைப்பாடியின் ஊர்ப்பொதுக் கொப்பரையை இரவல் கேட்டு வாங்கி வந்தார். இரண்டு ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிய செம்புக் கொப்பரை. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. திருப்பிக் கொடுக்க மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது கரியாற்றில் திடீரென்று வெள்ளம் வந்தது. மாடுகளைத்தான் அவிழ்க்க முடிந்தது. வண்டியும் கொப்பரையும் போயின. கருப்பண்ண மேஸ்திரி நனைந்த துணியோடு மலையேறிப் போய் நடந்ததைச் சொன்னார். "புதுசு செஞ்சு தர்றேன்" என்றார். "ஊர்ப்பொதுவுக்கு மாத்து கெடையாது மேஸ்திரி. அது வந்தா வரட்டும்" என்றார்கள் மலைக்காரர்கள். அதற்குமேல் அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது கீழ்நாடுதான். கொப்பரையைச் சேலத்துப் பாத்திரக் கடையில் போட்டுவிட்டு ஆற்றின்மேல் பழி போட்டார் என்று தொழில் போட்டிக்காரர்கள் கட்டிவிட்ட கதை அப்படியே நின்றுவிட்டது. கருப்பண்ணர் அந்தப் பேரோடுதான் கண்ணை மூடினார். காளியப்பனின் தகப்பன் தொடங்கிவைத்த கேலியை இப்போது காளியப்பன் பேசிக்கொண்டிருந்தான். அவனும் கிணறு வெட்டும் ஒப்பந்தக்காரன்தான்.

"வித்ததா சொல்றீங்களே, அந்தக் கொப்பரைய நான் போன வாரம் பாத்தேன்."

பந்தியின் கடைசியிலிருந்து வந்தது அந்தக் குரல். வேங்கைப்பாடிச் சடையன். ஆடு மேய்ப்பவன், கல்யாண வீட்டுக்குத் தேன் கொண்டு வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"கரியாத்து யானைமடு இந்த வருசம் அடியோட வத்திப்போச்சு. ரெண்டு பாறைக்கு நடுவுல பச்சையா ஒரு விளிம்பு தெரியுது. தொட்டுப் பாத்தேன். செம்பு. ஒரு வளையம் மேல நிக்குது. உள்ள பூராம் மணல்."

சிரிப்பு அடங்கியது.

"எடுக்கறதுன்னா இப்பவே எடுக்கணும். மடுவுக்குக் கீழ தடுப்பணை கட்டி முடிச்சிட்டாங்க. ஒரு மழை பெஞ்சாப் போதும், மடு நெறஞ்சிரும். அப்பறம் அது யாரு கண்ணுக்கும் படாது."

"பாறையில மாட்டுன கொப்பரைய யார் தூக்குவா?" என்றான் காளியப்பன். "அங்க ஆளும் போவ முடியாது, கிரேனும் போவ முடியாது. கொண்டாந்துட்டாங்கன்னா வேங்கைப்பாடிப் பந்தியில நானே கரண்டி புடிக்கறேன்."

செங்கோடன் எழுந்தார்.

"கரண்டியக் கழுவி வை" என்றார். சாப்பிடாமல் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பாவாயியிடம் செய்தியைச் சொன்னார். அந்தக் கல்யாணத்தின் பெண் அவள்தான். இரவல் பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று மாமியார் சொல்ல, புதுப்பெண்ணாக அவள் செய்த முதல் காரியம், வீட்டுப் பித்தளைப் படி நிறைய அரிசி அளந்து, துணியால் வாய் கட்டி, கொப்பரைக்குள் வைத்ததுதான். "என் கையால அரிசி வச்சு அனுப்பின பாத்திரம் அது" என்று அவள் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள். விற்கப் போகிற பாத்திரத்தில் யாராவது அரிசி வைப்பார்களா என்று நியாயம் கேட்டாள். அரிசி வைத்ததை யார் பார்த்தார்கள் என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள்.

"நானும் வருவேன்" என்றாள்.

"ஆத்துக்குள்ள உனக்கு என்ன வேல?"

"என் கல்யாணப் பாத்திரம். உங்களுக்குத்தான் அங்க என்ன வேலைன்னு நான் கேக்கணும்."

ஆக, படை மூன்று பேர் ஆனது. மூன்றாவது ஆள் மகள் தமயந்தி. மலைத் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றும் ஜீப் அவளுடையது. நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி. அவள்தான் வழியைச் சொன்னாள்.

"கிரேன் போகாதுப்பா. ஆனா மடுவுக்கு மேல இருக்கற பாறை வரைக்கும் ஜீப் போகும். முன்னாடி ஒரு வின்ச் மாட்டிட்டா, மேல நின்னுட்டே இழுத்துரலாம்."

ஆத்தூரில் பழைய இரும்புக் கடையை அலசினார்கள். உடைந்த ஜீப் ஒன்றின் மூக்கில் கேட்பாரற்று ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு வின்ச். பேட்டரியில் ஓடும் மோட்டார், நடுவில் ரோப்பு சுற்றும் உருளை, மறுபுறம் பல்சக்கரப் பெட்டி. எல்லாமே துருவில் ஒரே கட்டியாக இருந்தன.

"ஓடாதுங்க. எடைக்குத்தான் வச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர்.

"ஓட வைக்கிறது எங்க வேல" என்றார் செங்கோடன்.

கிணற்றுக் கிரேன் நிறுத்தும் கொட்டகையில் பலகை போட்டு வேலையைத் தொடங்கினார்கள். போல்ட்டுகள் அசைய மறுத்தன. டீசல் ஊற்றி ஊறவைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி, ஒவ்வொன்றாகச் சம்மதிக்க வைத்தார் செங்கோடன். பெட்டியைத் திறந்தால் கிரீஸ் காய்ந்து தாராகி இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவக் கழுவ, கறுப்புக்கு அடியிலிருந்து பற்கள் ஒன்றுகூட உடையாமல் பளபளவென்று வெளியே வந்தன. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த பெருமை, புதுக் கிணற்றில் ஊற்றுக் கண் திறக்கும்போது வருகிற அதே பெருமை. தமயந்தி மோட்டாரைப் பிரித்தாள். கார்பன் பிரஷ் தேய்ந்து போயிருந்தது. புதிது போட்டாள். பேரிங்கை மாற்றினாள். உருளைக்குள்ளிருந்து ஸ்பிரிங்கும் தேய்கட்டையுமாக ஒரு சாமான் வந்தது.

"இதென்ன?"

"பிரேக்குப்பா. பொத்தான விட்டா இது தானா புடிச்சுக்கும்."

"நம்ம கிரேன்ல வெளிய நிக்குது. இதுல ஒளிஞ்சிட்டு இருக்குதா? சரி, சுத்தம் பண்ணி மாட்டு."

கடைசியாகச் சட்டத்துக்கு வந்தார்கள். ரோப்பு வெளியே வரும் வாயின் கீழ்க்கம்பியில் பள்ளம் விழுந்திருந்தது. பல வருடம் ரோப்பு உரசிய தடம். செங்கோடன் அதை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"எவனோ வேல தெரியாதவன் உருளைக்கு அடியிலேருந்து ரோப்ப விட்டிருக்கான். கீழ உரசுது பாரு."

பள்ளத்தை வெல்டிங் வைத்து நிரப்பி, அரத்தால் வழித்து, மேலே சிவப்புப் பெயின்ட் அடித்தார். தடம் மறைந்தது.

அவர்கள் வீட்டில் புது ரோப்புச் சுற்றுவது சாமி காரியம். உருளைக்கு மஞ்சள் தடவி, எலுமிச்சை வைத்து, முதல் சுற்றைக் குடும்பத்துத் தலைவர்தான் சுற்ற வேண்டும். ரோப்பு உருளையின் மேலிருந்துதான் வெளியே வரவேண்டும். கிணற்றுக் கிரேனில் அப்படித்தான். மேலிருந்து புறப்பட்டு உச்சிக் கப்பிக்குப் போய்க் கிணற்றில் இறங்கும். கருப்பண்ண மேஸ்திரி சுற்றியதும் அப்படி, அவர் அப்பா சுற்றியதும் அப்படி. செங்கோடன் குளித்துவிட்டு வந்து மேலிருந்தே சுற்றினார்.

ஓட்டிப் பார்த்தார்கள். தமயந்தி இழுக்கும் பொத்தானை அழுத்தினால் ரோப்பு அவிழ்ந்தது, அவிழ்க்கும் பொத்தானை அழுத்தினால் இழுத்தது.

"தலைகீழா வேலை செய்யுதுப்பா."

"ஒயர மாத்திக் குடு. பொத்தானுக்காக நம்ம சுத்த மாத்த முடியுமா?"

அவள் மாற்றிக் கொடுத்தாள். களத்துமேட்டில் கிடந்த கல் உருளையைக் கட்டி இழுத்தார்கள். சமதரையில் அது குழந்தை மாதிரி உருண்டு வந்தது. செங்கோடன் வின்ச்சைத் தட்டிக்கொடுத்தார். இரும்புக்கால் வைத்து, ஜீப்பின் சட்டத்தோடு முறுக்கி, முன்புறத்தில் மாட்டினார்கள். கிடைத்தபோது துருக்கட்டி. இப்போது அதற்கென்று ஒரு முகமே வந்துவிட்டது.

வனத்துறையில் ஊர்ப் பெரியவர் மூலம் சொல்லி அனுமதி வாங்கிவைத்திருந்தான் சடையன். விடியும்போது மலையடியில் ஏறிக்கொண்டான்.

"சீக்கிரம் போயிரணும் மேஸ்திரி. மேல்மலையில நேத்துலேருந்து மேகம் நிக்குது."

பாதை பாதியில் பாதையாக இருப்பதை விட்டுவிட்டது. சக்கரத்துக்குக் கீழே உருண்டைக் கற்கள், இரண்டு பக்கமும் மூங்கில் புதர். ஒரு திருப்பத்தில் வேங்கை மரம் குறுக்கே சாய்ந்து கிடந்தது. தமயந்தி வண்டியை நிறுத்தினாள். செங்கோடன் கொக்கியை மாட்டி விலகி நின்று கைகாட்டினார். வின்ச் உறுமியது. மரம் புரண்டு ஓரத்தில் போய் விழுந்தது.

"எடைக்கு வச்சிருந்த சாமான்" என்றார் செங்கோடன், யாரும் கேட்காமலே.

"வண்டியில ஏறுங்க. இன்னும் கொப்பரை வரல" என்றாள் பாவாயி.

யானைமடுவுக்கு மேலே பாறைத்திட்டில் ஜீப் நின்றது. பின்பக்கத்தைச் சங்கிலி போட்டு ஒரு மருத மரத்தோடு கட்டினார்கள், இழுக்கும்போது வண்டியே ஆற்றுக்குள் போய்விடக் கூடாது அல்லவா. கீழே செங்குத்தாகச் சரியும் வழுக்குப் பாறை. அதன் அடியில் வற்றிய மடு. இரண்டு பாறைகளின் இடுக்கில், களிம்பேறிப் பச்சை பூத்து, ஒருக்களித்துக் கிடந்தது கொப்பரை.

பாவாயி எல்லாருக்கும் முன்னால் இறங்கிவிட்டாள். சேலைத் தலைப்பால் விளிம்பைத் துடைத்தாள். வெட்டின எழுத்துகள் தெரிந்தன. 'வேங்கைப்பாடி ஊர்ப்பொது'. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். செங்கோடன் அருகே வந்து நின்றார். முதுகு நேராகத்தான் இருந்தது.

"எங்கப்பன் வித்தானாம்" என்றார்.

மணலைத் தோண்டினார்கள். கிணறு வெட்டுகிற கைகள் என்பதால் வேலை ஓடியது. ஆனால் அடிமணல் கல்லாக இறுகியிருந்தது. கடப்பாரை பட்டால் செம்பு கிழிந்துவிடும். அதை அப்படியே விட்டார்கள். வளையங்களில் வடக்கயிறு கோத்து, கப்பி போட்டு, கொக்கியை மாட்டினார்கள்.

"இழு" என்றார் செங்கோடன் மேலேறி வந்து.

ரோப்பு விறைத்தது. கொப்பரை இடுக்கிலிருந்து முனகிக்கொண்டு விடுபட்டுப் பாறைச் சரிவில் ஏறத் தொடங்கியது. கூடவே பாவாயியும் சடையனும் இருபுறமும் கட்டையால் முட்டுக்கொடுத்தபடி ஏறினார்கள். பாதிச் சரிவு வந்ததும் கருகும் வாசனை வந்தது. உருளையின் பெயின்ட் புகைந்தது.

"கொஞ்சம் நிறுத்து. ஆறட்டும்."

தமயந்தி பொத்தானை விட்டாள். பிரேக் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. உருளை வந்த வழியே திரும்பிச் சுற்றியது. கொப்பரை கடகடவென்று கீழே சரிந்தது.

"பாவாயி, விலகு!"

அவள் பக்கவாட்டில் தாவினாள். கொப்பரை அவள் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் ஒரு பாறை மூக்கில் இடித்து நின்றது. சடையன் பாய்ந்து கடப்பாரையை அடியில் சொருகினான். பாவாயி முழங்கை சிராய்த்து எழுந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்று கீழிருந்து கத்தினாள். "அந்த எடைக்கு வச்ச சாமானக் கேளுங்க, அதுக்கு என்னன்னு."

அதே நேரத்தில் சடையன் தலையைத் தூக்கி மேல்மலைப் பக்கம் காது கொடுத்தான். தொலைவில் இலைகள் சரசரப்பதுபோல ஒரு சத்தம். இலைகள் அசையவில்லை.

"தண்ணி வருது மேஸ்திரி. கொப்பரைய விட்டுட்டு ஏறிருவமா?"

செங்கோடன் வின்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். விட்டுவிட்டு ஏறலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. எழுத்தைப் பார்த்த சாட்சியாகச் சடையன் இருக்கிறான். ஆனால் ஆட்டுக்காரன் பார்த்தான் என்பதைக் காளியப்பன் எப்படிச் சிரித்துச் சொல்வான் என்பது இப்போதே அவர் காதில் கேட்டது.

பிரேக் நல்ல பிரேக். அவர் கண்ணெதிரே தமயந்தி சுத்தம் பண்ணி மாட்டியது. பிறகு ஏன் பிடிக்கவில்லை? உருளை எந்தப் பக்கம் சுற்றி நழுவியதோ அந்தப் பக்கத்தை மனசுக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கிரேன் பிரேக்கை ஆள் பிடிக்கிறான், எந்தப் பக்கம் சுற்றினாலும் பிடிப்பான். இது தானாகப் பிடிப்பது. ஒரு பக்கத்துக்குத்தான் பிடிக்கும். மறுபக்கம் இழுத்தால் தன் பிரேக்கையே எதிர்த்து இழுத்துச் சூடேறும், விட்டால் நழுவும். கீழ்க்கம்பியில் தான் வெல்டிங் வைத்து மூடிய பள்ளம் அவருக்கு ஞாபகம் வந்தது. அடியிலிருந்து ரோப்பு விட்டவன் வேலை தெரியாதவன் இல்லை. தலைகீழாக வேலை செய்கிறது என்று இந்தப் பொறி கொட்டகையிலேயே சொன்னது. அதன் வாயை ஒயர் மாற்றி அடைத்தது யார்?

"தமயந்தி, ஒயர பழையபடி மாத்து. ரோப்பு பூரா அவுத்து, அடியிலேருந்து சுத்தப் போறோம்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்பா, நம்ம வீட்டுச் சுத்து..."

"நம்ம சுத்து கிணத்துக்கு. இது கிணறு இல்ல. தப்பு எங்கிட்ட, வின்ச்சுகிட்ட இல்ல. ஸ்பானர எடு."

கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். "சடையா, வடக்கயித்த அந்தப் பாறையிடுக்குல தெரியற மர வேர்ல ரெண்டு சுத்து போட்டுக் கட்டு. கொக்கியக் கழட்டு. ரோப்பு திரும்பி வர்ற வரைக்கும் கொப்பரைய அது தாங்கணும். பாவாயி, நீ மேல வா."

"வர மாட்டேன். முட்டு யார் குடுப்பா?"

வாதாட நேரம் இல்லை. ரோப்பு முழுவதும் பாறைமேல் அவிழ்ந்து கிடந்தது. உருளைமேல் ஈரச் சாக்கைப் போட்டார். ஆவி எழுந்தது. தமயந்தி ஒயர்களைக் கழற்றி மாற்றி முறுக்கினாள். மடுவுக்குள் முதல் தண்ணீர் சிவப்பாக, சருகுகளைத் தள்ளிக்கொண்டு நாக்கு நீட்டியது. செங்கோடன் ரோப்பு நுனியை எடுத்தார். மஞ்சள் இல்லை, எலுமிச்சை இல்லை. குனிந்தார். முதல் முறையாக முதுகு முழுசாக வளைந்து, தலை பம்பருக்குக் கீழே போக, உருளையின் அடிவழியாக ரோப்பை விட்டுப் பூட்டினார்.

"சுத்து."

இழுக்கும் பொத்தானை அழுத்தினாள். ரோப்பு ஏறியது. கொக்கி கொப்பரை வரைக்கும் எட்டுகிற அளவு ரோப்பை மட்டும் சுற்றாமல் விட்டுவைத்தார்கள். செங்கோடனே அதைத் தூக்கிக்கொண்டு சறுக்கி இறங்கினார். தண்ணீர் கொப்பரையின் அடியைத் தொட்டுவிட்டது. சடையன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். கொக்கி விழுந்தது.

"இழு, தமயந்தி. நான் கை தூக்கினா விட்டுரு."

ரோப்பு விறைத்தது. கொப்பரை ஒரு முழம் ஏறியது. செங்கோடன் வேண்டுமென்றே கை தூக்கினார். பொத்தானை விட்டாள். ரோப்பு நின்றது. கொப்பரையும் நின்றது. இம்மிகூட நழுவவில்லை.

"இதுதான் நம்ம சாமான்" என்றார். "இனிமே நிறுத்தாத."

வெள்ளம் யானைமடுவை உறுமிக்கொண்டு நிரப்பியபோது கொப்பரை பாறைத்திட்டின் மேல் ஜீப்புக்கு முன்னால் சொட்டச் சொட்ட நின்றது. நால்வரும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே இரண்டு பாறைகளும் தண்ணீருக்குள் மறைந்தன.

வேங்கைப்பாடியில் கோயில் முன்னால் அதை இறக்கியபோது ஊரே கூடியது. ஊர்ப் பெரியவர் எழுத்தைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். பெண்கள் கருப்பண்ணர் வெட்டிய கிணற்றிலிருந்தே தண்ணீர் இறைத்து ஊற்றி, இறுகிய அடிமணலைக் கையால் கரைத்தார்கள். கரைந்துகொண்டே வந்த மணலுக்குள் ஒரு பெண்ணின் கையில் ஏதோ தட்டியது. வெளியே எடுத்தாள். கறுத்த ஒரு படி. துலக்கியதும் பித்தளை. பக்கத்தில் வெட்டியிருந்தது, 'கிணத்து மேஸ்திரி கருப்பண்ணன்'.

பாவாயி அதை வாங்கிக்கொண்டாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள்.

"நான் வச்சது" என்றாள். "துணி போயிருக்கும், அரிசி போயிருக்கும். படி இருக்குது பாருங்க."

யார் பார்த்தார்கள் என்று இந்த முறை ஒருவரும் கேட்கவில்லை. அவள் யாரிடமும் கேட்காமல் ஒரு வீட்டுக்குள் போய்ப் படி நிறைய அரிசி அள்ளி வந்து, கழுவின கொப்பரையின் நடுவில் வைத்தாள். செங்கோடன் முன்னால் வந்து நின்றார்.

"இரவல் வாங்கின பாத்திரத்த எங்க வீடு திருப்பிக் குடுக்குது. எங்கப்பா சார்பா."

ஊர்ப் பெரியவர் இரண்டு கையாலும் படியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வந்து சேந்துச்சு மேஸ்திரி. திருவிழாவுக்கு உங்க குடும்பம் முன்னால நிக்கணும்."

திருவிழாவுக்குள் செங்கோடன் ஒரு காரியம் செய்தார். வின்ச்சின் கீழ்க்கம்பியில் தான் வைத்த வெல்டிங்கை அரத்தால் தேய்த்து எடுத்து, பழைய பள்ளத்தைத் திறந்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "முன்னால வச்சிருந்தவன் எழுதி வச்ச பாடம். படிக்காம அழிச்சுட்டேன்" என்றார். கிரேனில் மட்டும் ரோப்பு இன்றைக்கும் மேலிருந்துதான் வருகிறது.

திருவிழாப் பந்தியில் கொப்பரையிலிருந்து பொங்கல் அள்ளிப் பரிமாறியவன் காளியப்பன். சொன்ன சொல்லுக்கு வந்துவிட்டான், அதையும் சொல்லத்தான் வேண்டும். செங்கோடன் இலைக்கு முன் வந்து கரண்டியோடு தயங்கினான். பழைய பழக்கத்தில் வாயைத் திறந்தான்.

"பாத்திரத்த எல்லாம்..."

பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"எண்ணு காளியப்பா" என்றார் செங்கோடன், முதுகை நிமிர்த்தி. "நல்லா எண்ணு. ஒரு படி சேத்தியே இருக்கும்."